நடுவரின் தோல் ஷூ: ஆட்டம் முடிந்த நிமிடத்திலிருந்து அடுத்த ஆட்டம் வரை

நடுவர் தன் ஷூவிடம் இரண்டு வேலை கேட்கிறார். சீருடையோடு நிற்கும்போது அது அலுவலக ஷூ அளவுக்குச் சுத்தமாகத் தெரிய வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் ஓடவும், சட்டென்று நிற்கவும், பின்பக்கமாக நகரவும், பக்கவாட்டில் தாவவும் ஈடுகொடுக்க வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப் புத்தகம் நடுவரின் சீருடையைச் சொல்லும்போது நீளமான கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலுறை, கறுப்புக் கூடைப்பந்து ஷூ என்று மூன்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஷூவும் சீருடையில் சேர்த்திதான்.

இந்த இரட்டை வேலையால், வழக்கமான அறிவுரைகள் இங்கே பாதிதான் பொருந்தும். அலுவலக ஷூவுக்குச் சொல்வதுபோல் பாலிஷை அப்பிக்கொண்டே போனால், ஓடும்போது மடிகிற இடத்தில் அது வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரியும். விளையாட்டு ஷூவைக் கழுவுவதுபோல் வாளியில் முக்கி எடுத்தால் தோல் விறைத்துப்போகும். நடுவர்களின் ஷூ கெட்டுப்போவதில் பெரும்பங்கு பாலிஷ் போடாததால் வருவது கிடையாது. வியர்வையும் மழையும் ஏறிய ஷூவைச் சரியாகக் காயவைக்காததால் வருவது. அதனால் இந்த வழிகாட்டியில் பாலிஷைவிட உலர்த்துவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், என்ன தோல் என்று பாருங்கள்

ஒரு தோலுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றைக் கெடுத்துவிடும். எனவே பிரஷை எடுக்குமுன் ஷூவின் உள்ளே அல்லது அடியில் இருக்கும் சிறு சீட்டைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் கொண்டுவந்த விதிப்படி, அங்கே விற்கும் ஷூக்களில் படக்குறிகள் இருக்கும். விரித்துப்போட்ட தோலின் வடிவம் இருந்தால் இயற்கைத் தோல். அதே வடிவத்துக்குள் ஒரு சிறிய டைமண்ட் இருந்தால், 0.15 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாகப் பூச்சிட்ட தோல். பின்னல் போன்ற சதுரம் என்றால் துணி. தனியாக டைமண்ட் மட்டும் இருந்தால், ரெக்சின் போன்ற பிற பொருள். பல நாடுகளில் விற்கும் ஷூக்களிலும் இந்தக் குறிகளைப் பார்க்கலாம்.

சீட்டு தேய்ந்துபோயிருந்தால் நாக்குப் பகுதியின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்து தெரிந்தால் தோல். மேலே மெல்லிய படலமும் அடியில் நெய்த துணியும் தெரிந்தால் செயற்கை. கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் உண்மையான தோலில் ஒழுங்கில்லாத நுண்ணிய சுருக்கங்கள் விழும்.

நடுவர்கள் போடும் ஷூக்களில் அதிகம் காண்பது நான்கு வகை. ஒன்று, வழுவழுப்பான கறுப்புத் தோல். இதில் பெரும்பாலானவை நிறப்பூச்சு ஏற்றியவை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்கும். சொட்டு மெல்ல உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், பூச்சு குறைவான தோல். அதற்கு இன்னும் கவனம் வேண்டும். இரண்டாவது, கண்ணாடிபோல் மின்னும் பேடண்ட் லெதர். அமெரிக்காவின் நியூவார்க்கில் சேத் பாய்டன் 1819-இல் இதை வணிக அளவில் செய்யத் தொடங்கியபோது, ஆளிவிதை எண்ணெயைக் கொண்டு செய்த பூச்சைப் படலம் படலமாக ஏற்றினார். இப்போது வருவதில் பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் பூச்சுதான் அதிகம். மூன்றாவது, கால்பந்து நடுவர்கள் போடும் மெல்லிய கன்றுத்தோல் அல்லது கங்காருத்தோல் பூட்ஸ். நான்காவது, சில விளையாட்டுகளில் வரும் வெள்ளைத் தோல். தொட்டால் வெல்வெட்போல் இருக்கும் சூயட், நுபக் தோல்கள் முழு ஷூவாக வருவது குறைவு. பக்கவாட்டுத் துண்டுகளாக வரலாம். அவற்றில் கிரீமோ மெழுகோ பட்டால் கறை போகாது.

கையில் இருக்க வேண்டியவை

பெரிய பட்டியல் தேவையில்லை. குதிரை முடியில் செய்த பிரஷ் இரண்டு வேண்டும். ஒன்று தூசி தட்ட, மற்றது பளபளப்பு ஏற்ற. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். தூசி தட்டிய பிரஷில் ஒட்டியிருக்கும் மணல்துகள் பளபளப்பைக் கீறிவிடும். பழைய டூத் பிரஷ் ஒன்று, பழைய பருத்தி பனியனைக் கிழித்த துணிகள், மைக்ரோஃபைபர் துணி ஒன்று, மென்மையான சோப்பு அல்லது தோலுக்கென்றே வரும் சேடில் சோப், தோல் கண்டிஷனர், ஷூவின் நிறத்தில் கிரீம் பாலிஷ், மெழுகு பாலிஷ் ஒரு டப்பா, அச்சடிக்காத காகிதம். இவற்றோடு ஷூ ட்ரீ ஒரு ஜோடி, அதாவது ஷூவின் வடிவம் கெடாமலிருக்க உள்ளே வைக்கும், மரத்தில் செய்த கால் வடிவ அச்சு. செலவு செய்ய ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் ஷூ ட்ரீயைத்தான் வாங்கச் சொல்வேன். விலையுயர்ந்த பாலிஷ் அதற்கு அப்புறம்.

தேய்த்ததும் மின்னும் பஞ்சுப் பாலிஷ் ஒன்று வரும். அதில் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய்தான் இருக்கும். அவசரத்துக்கு உதவும். அதையே பராமரிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. தோலுக்கு அதிலிருந்து எந்த ஊட்டமும் போவதில்லை, தூசியும் எளிதில் ஒட்டும்.

ஆட்டம் முடிந்ததும் செய்ய வேண்டியவை

லேஸை முழுதாக அவிழ்த்துவிட்டுக் கழற்றுங்கள். களைப்பில் ஒரு ஷூவின் நுனியால் இன்னொன்றின் குதிகாலை மிதித்துக் கழற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. குதிகாலை இறுகப் பிடித்து நிறுத்தும் கெட்டியான துண்டு அதில்தான் உடைகிறது. உடைந்தபின் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த ஷூ காலைப் பிடிக்காது. ஓட்டத்தில் குதிகால் வழுக்கி ஏறி இறங்கிக் கொப்புளம் போடும்.

இன்சோல் கழன்று வரும் வகை என்றால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். வியர்வையில் பெரும்பகுதி அதில்தான் தங்கியிருக்கும்.

ஈரச் சேற்றை அந்த இடத்திலேயே துடைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க அது தையல் ஓட்டைகளுக்குள் போகும், மணல் தோலைக் கீறும். கட்டியாக இருப்பதை மட்டும் சோல்களைத் தட்டி உதிர்த்துவிட்டு, மிச்சத்தைக் காயவிடுங்கள். காய்ந்த சேறு பிரஷுக்கு எளிதாக உதிரும். இதற்கு ஒரு விலக்கு, களத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூள். அது காரத்தன்மை கொண்டது. ஈரத்தோடு சேர்ந்தால் தோலை வறட்டி வெடிக்கவைக்கும். வெறும் தூளாக இருக்கும்போதே பிரஷால் தட்டிவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஈரத்துணி. வெள்ளை ஷூவில் பட்ட புல் கறையும் காத்திருக்காது. நேரம் ஆக ஆக ஊறிவிடும். கையோடு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஈர ஷூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது, வண்டியின் டிக்கியில் இரவு முழுக்க விட்டுவிடுவது, இந்த இரண்டு பழக்கத்தையும் விட்டாலே ஷூவின் ஆயுள் கூடும். மூடிய பையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏறி, சோலை ஒட்டியிருக்கும் பசை இளகும். காற்றுப் போகும் துணிப்பை போதும்.

உலர்த்துவது: இங்கேதான் ஷூ பிழைக்கிறது

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பதனிடும்போது அந்த இழைகளுக்கு நடுவே எண்ணெயும் கொழுப்பும் ஏற்றப்படுகின்றன. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால்தான் ஷூ மடிகிறது, நிமிர்கிறது. நனைந்த தோலை வேகமாகச் சூடுகாட்டி உலர்த்தினால், வெளியேறும் ஈரம் அந்த எண்ணெயையும் இடம்பெயரச் செய்கிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தொட்டுப் பார்த்தால் அட்டைபோல் விறைப்பு. சூடு இன்னும் ஏறினால் இழைகளே சுருங்கிவிடும். தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது ஏறக்குறைய 70 முதல் 85 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கும். குரோமியம் உப்பால் பதனிட்டது 100 டிகிரி வரைக்கும் தாங்கக்கூடும். ஹேர் டிரையரை நெருக்கமாகப் பிடித்தாலோ, ஹீட்டர்மேல் ஷூவை வைத்தாலோ இந்த அளவை எட்டுவது கஷ்டமே இல்லை. சுருங்கிய தோலை எந்தக் கண்டிஷனரும் பழைய அளவுக்குக் கொண்டுவராது.

சரி, எப்படி உலர்த்துவது? லேஸையும் இன்சோலையும் எடுத்துவிட்டு, நாக்கை முன்பக்கம் இழுத்து வாயைத் திறந்து வையுங்கள். உள்ளே அச்சடிக்காத காகிதத்தைக் கசக்கித் தளர்வாக அடையுங்கள். இறுக்கி அடைத்தால் காற்று போகாது, வடிவமும் கெடும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கும். எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். நன்றாக நனைந்திருந்தால் மூன்று, நான்கு முறை மாற்ற வேண்டிவரும். செய்தித்தாளும் ஈரத்தை உறிஞ்சும்தான். ஆனால் வெள்ளை ஷூவிலும், வெளிர்நிற உட்துணியிலும், பேடண்ட் மேற்பரப்பிலும் அதன் மை ஒட்டிக்கொள்ளும்.

ஷூவை நிமிர்த்தி வைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அடிப்பகுதிக்கும் காற்று கிடைக்கும். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில். ஃபேன் காற்று நல்லது, வெந்நீர்க் குழாய் பக்கமோ நேர் வெயிலிலோ வேண்டாம்.

தண்ணீர் சொட்டும் நிலை போய் லேசான ஈரம் மட்டும் இருக்கும்போது ஷூ ட்ரீயை உள்ளே போடுங்கள். அந்த நேரத்தில் தோல் இளகியிருக்கும். ஓடி ஓடி விழுந்த மடிப்புகள் அச்சின்மேல் நீட்டி நிமிரும். முழுக்கக் காய்ந்தபின் போட்டால் மடிப்பு அப்படியே உறைந்திருக்கும். பூச்சு பூசாத செடார் மரத்தில் செய்தது ஈரத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், நாற்றத்தையும் குறைக்கும்.

வியர்வையில் மட்டும் நனைந்த ஷூவுக்கு 24 மணி நேரமாவது வேண்டும். மழையில் நனைந்ததற்கு இரண்டு நாள். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருப்பவர்களுக்கு இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் நீண்டநாள் வரும். ஒரே ஜோடியைத் தேயத்தேயப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குவதைவிட இது சிக்கனம்.

சுத்தம் செய்யும் முறை

ஷூ காய்ந்தபின் லேஸ் இல்லாமலேயே முதலில் உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். மேல்தோலும் சோலும் சேரும் விளிம்பு, நாக்கின் இரு பக்க மடிப்பு, லேஸ் ஓட்டைகளின் ஓரம் இவற்றுக்கு டூத் பிரஷ். செயற்கைப் புல்தரையில் ஆடுபவர்களின் ஷூவில் சின்னச் சின்ன ரப்பர் துகள்கள் நாக்குக்கு அடியிலும் தையலிலும் ஒளிந்திருக்கும். அவற்றைத் தட்டி எடுக்காமல் ஈரத்துணி போட்டால் இன்னும் உள்ளே போகும்.

அடுத்து, ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்து நுரையாக்குங்கள். நுரை மட்டும்தான் தோலில் பட வேண்டும், தண்ணீர் ஓடக் கூடாது. நுனியிலிருந்து தொடங்கி முழு ஷூவையும் துடையுங்கள். கறை பட்ட இடத்தை மட்டும் நனைத்தால், காய்ந்தபின் அந்த ஈரத்தின் எல்லை ஒரு கோடாக நின்றுவிடும். முழு ஷூவும் ஒரே சீராக ஈரப்பட்டால் கோடு விழாது. பிறகு வேறு ஈரத்துணியால் சோப்பைத் துடைத்தெடுங்கள். சோப்பு தங்கினால் தோல் வறளும்.

கறுப்பு ஷூவில் வெள்ளை வெள்ளையாக அலை போன்ற கோடு தெரிகிறதா? அது உப்பு. வியர்வை உள்ளிருந்து வெளியே வரும்போது கொண்டுவந்தது. நுனிப்பக்கத்திலும் நாக்கிலும் அதிகம் தெரியும். அதன்மேல் பாலிஷ் போட்டு மறைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி வெளிவரும். ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து, மெல்லத் துடையுங்கள். அப்புறம் வெறும் ஈரத்துணி. ஒரே முறையில் போகவில்லை என்றால், காயவிட்டு இன்னொரு முறை. வினிகரை அதிகக் கெட்டியாக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் போட்ட பாலிஷ் ஏடுபோல் படிந்து, மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும். தோலுக்கென்று வரும் பாலிஷ் நீக்கியைத் துணியில் தொட்டு, முதலில் கண்ணுக்குப் படாத உட்பக்கத்தில் சோதித்துவிட்டு, வட்டமாகத் துடையுங்கள். துணியில் பழைய கறுப்பு வருவது நின்றால் போதும். நெயில் பாலிஷ் நீக்கி, பெயிண்ட் தின்னர் போன்றவை வேண்டவே வேண்டாம். அவை ஷூவின் நிறப்பூச்சையே கரைத்துவிடும்.

சுத்தம் முடிந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் காயவிடுங்கள். அதற்குமுன் கண்டிஷனர் போடாதீர்கள்.

கண்டிஷனர்: கொஞ்சம் போதும்

கழுவிக் கழுவி வறண்ட கைக்குக் களிம்பு தடவுவதுபோல்தான் இது. ஒரு ஷூவுக்குப் பட்டாணி அளவு, துணியில் எடுத்து மெல்லிசாகப் பரப்புங்கள். மடிகிற இடத்திலும் நாக்கின் அடியிலும் கூடுதல் கவனம். கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே தங்கியிருப்பதை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். வாரம் இரண்டு ஆட்டம் செய்பவருக்கு மாதம் ஒருமுறை போதும். மழையில் முழுக்க நனைந்து காய்ந்த ஷூவுக்கு மட்டும் நாள் பார்க்காமல் போடலாம்.

அளவு மிஞ்சினால் தோல் தொளதொளக்கும். வீட்டில் நிற்பதற்கு அது பரவாயில்லை. சட்டென்று திரும்பும் நடுவருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் போய்விடும். கங்காருத்தோல் போன்ற மெல்லிய தோலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மிங்க் என்ற விலங்கின் கொழுப்பிலிருந்து எடுக்கும் மிங்க் எண்ணெயும் அப்படித்தான். தோலை நன்றாக இளக்கும், நிறத்தையும் கருக்கவைக்கும், மேலே போடும் மெழுகைப் பிடிக்க விடாது. காட்டுப்பாதைப் பூட்ஸுக்கு ஏற்றது, சீருடை ஷூவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சமையல் எண்ணெய்களையும் தொட வேண்டாம். பல எண்ணெய்கள் தோலுக்குள்ளேயே சிக்கெடுத்து நாற்றமடிக்கும்.

பாலிஷ்: எங்கே போடுவது, எங்கே விடுவது

கிரீம் பாலிஷும் மெழுகு பாலிஷும் செய்யும் வேலை வேறு வேறு. கிரீமில் நிறம் அதிகம், ஈரப்பதமும் உண்டு. உராய்ந்து வெளிறிய இடத்தின் நிறத்தை மீட்பது அதுதான். டப்பாவில் கெட்டியாக வரும் மெழுகில் கார்னௌபா மெழுகு, தேன்மெழுகு போன்றவை இருக்கும். அது மேலே ஒரு கடினமான படலமாக நின்று பளபளப்பையும், தண்ணீரிலிருந்து கொஞ்சம் காப்பையும் தரும். முதலில் கிரீம், அதன்மேல் மெழுகு. வரிசையை மாற்றினால் கிரீம் உள்ளே போகாது.

கிரீமைத் துணியில் கொஞ்சமாக எடுத்து வட்டமாகத் தேய்த்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, பளபளப்புப் பிரஷால் வேகமாக, அழுத்தாமல் தேயுங்கள். அந்தத் தேய்ப்பில் வரும் இளஞ்சூடுதான் மெருகைக் கொண்டுவருகிறது. ஷூவின் உட்பக்க ஓரங்களை மறக்காதீர்கள். ஓடும்போது ஒரு கால் இன்னொன்றில் உராய்வது அங்கேதான், வெளிறுவதும் அங்கேதான்.

மெழுகை நுனியிலும் குதிகாலிலும் மட்டும் போடுங்கள். அந்த இரண்டு இடத்திலும் உள்ளே கெட்டியான துண்டு இருப்பதால் தோல் மடியாது, மெழுகுப் படலமும் உடையாது. விரல்கள் மடியும் இடத்திலிருந்து லேஸ் ஓட்டை வரைக்கும் கிரீமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அணிவகுப்பு ஷூவில் கண்ணாடிபோல் மெருகேற்றுபவர்களும் நுனியிலும் குதிகாலிலும்தான் அதைச் செய்வார்கள். ஆட்டம் முழுக்க ஓடும் ஷூவுக்கு இது இன்னும் கட்டாயம்.

நுனியில் அந்த மெருகு வேண்டுமென்றால், துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, மெழுகை மிக மெல்லிசாகத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரோடு சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். மங்கல் தெளிந்ததும் அடுத்த மெல்லிய பூச்சு. நான்கைந்து பூச்சில் தெளிவாக மின்னும். அவசரப்பட்டு ஒரே பூச்சாகத் தடித்துப் போட்டால் எப்போதும் மங்கலாகத்தான் நிற்கும். மெழுகை இளக்க டப்பாவைத் தீயில் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. பாலிஷில் இருக்கும் கரைப்பான் சட்டென்று தீப்பற்றும், அதைச் செய்யாதீர்கள்.

சோலின் பக்க விளிம்புக்கு அதற்கென்று வரும் கறுப்புத் திரவத்தை மெல்லிய பிரஷால் ஒரே இழுப்பில் பூசலாம். அடிப்பரப்பில் மட்டும் ஒரு துளியும் பட வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

பேடண்ட் லெதருக்கு வேறு வழி

பேடண்டில் நீங்கள் தொடுவது தோலை அல்ல, அதன்மேல் உள்ள பிளாஸ்டிக் படலத்தை. மெழுகும் கிரீமும் அதற்குள் இறங்காமல் மேலேயே பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்துத் துடைத்து, உலர்ந்த பக்கத்தால் மெருகேற்றினால் வழக்கமான நாட்களுக்கு அதுவே போதும். விரல் தடமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ஒரு துளி சோப்பு. கறுப்பான உராய்வுக் கோட்டுக்குப் பெட்ரோலியம் ஜெல்லியைத் துணியில் மிகக் கொஞ்சம் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பேடண்ட் ஷூவில் அடிக்கும் பழக்கம் நடுவர்களிடையே பரவலானது. உடனே மின்னும் என்பது உண்மை. அமோனியா கலந்த திரவத்தைத் தொடர்ந்து அடிப்பது படலத்துக்கு நல்லதல்ல. பேடண்டுக்கென்று வரும் திரவம் வாங்கமுடியாதபோது வெறும் தண்ணீரே மேல்.

இந்தப் படலம் விரிசல் விட்டால் சரிசெய்ய வழியில்லை. அதனால் மடிப்பைத் தள்ளிப்போடுவதுதான் ஒரே பாதுகாப்பு. கழற்றிய ஒவ்வொரு முறையும் ஷூ ட்ரீ. கடுங்குளிரில் படலம் இறுகிவிடும். ஆட்டத்துக்குமுன் அறைக்குள் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். சூட்டில் பேடண்டும் பேடண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், பிரிக்கும்போது மேற்பரப்பு கிழியும். இரண்டு ஷூவையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள்.

வெள்ளைத் தோலும் காப்புத் தகடு வைத்த ஷூவும்

வெள்ளை ஷூவில் கண்டிஷனர் நிறமற்றதாக இருக்க வேண்டும். உராய்வுக் கோடுகளுக்கு முதலில் வெள்ளை ரப்பரால் மெல்ல அழித்துப் பாருங்கள். பல கோடுகள் அதிலேயே போகும். வெண்பூச்சு கடைசிக் கட்டம்தான். அதுவும் மெல்லிசாக, சுத்தம் செய்த தோலில் மட்டும். அழுக்கின்மேல் பூசிய வெள்ளை சீக்கிரமே மஞ்சளித்து உதிரும்.

பேஸ்பாலில் கேட்சருக்குப் பின்னால் நிற்கும் அம்பயரின் ஷூ தனி ரகம். விரல்களுக்குமேல் உறுதியான மூடியும், பாதத்தின் மேல்பக்கம் லேஸை மறைத்தபடி ஒரு காப்புத் தகடும் இருக்கும். களிமண் தூசி அந்தத் தகட்டுக்கு அடியில்தான் சேரும், ஈரமும் அங்கேதான் நாள்கணக்கில் தங்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தகட்டைத் தூக்கி உள்ளே தட்டிக் காயவிடுங்கள். அதைப் பிடித்திருக்கும் தையலையும் அப்போதே பாருங்கள். பந்து பட்டு நசுங்கிய, விரிசல் விழுந்த காப்பை பாலிஷால் மறைத்துப் போடுவது ஆபத்து. மாற்றியே ஆக வேண்டும்.

சோல்: யாரும் பார்க்காத பக்கம்

மரத்தரைக் கோர்ட்டில் ஓடும் நடுவருக்குச் சோலில் படியும் மெல்லிய தூசியே வழுக்கப் போதுமானது. ஆட்டத்துக்குமுன் ஈரத்துணியால் அடியைத் துடைத்துக் காயவிடுங்கள், இடைவேளையில் இன்னொரு முறை. பாலிஷோ விளிம்புத் திரவமோ அடியில் பட்டால் இரண்டு கெடுதல். முதல் சில ஓட்டங்களில் வழுக்கும், தரையிலும் கறுப்புக் கோடு போடும். தெரியாமல் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரும் டூத் பிரஷும் கொண்டு தேய்த்தெடுங்கள். கோர்ட் ஷூவை வெளியே தெருவில் போட்டு நடக்காதீர்கள். ஆட்ட இடத்துக்குப் போய் மாற்றிக்கொள்வதே முறை.

புல்தரையில் ஓடுபவர்கள் சோலின் அடியில் பிடிமானத்துக்காக இருக்கும் குமிழ்களுக்கு இடையிலான மண்ணைக் குச்சியால் நெம்பி எடுக்கலாம். திருகிப் பொருத்தும் குமிழ்கள் என்றால் அவ்வப்போது கழற்றி, திருகுப் பள்ளத்தைத் துடைத்து, துளி எண்ணெய் விட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் துருப்பிடித்து, மாற்ற வேண்டிய அன்று கழன்று வராது.

லேஸ், இன்சோல், நாற்றம்

வெளிறிய லேஸ் மெருகேற்றிய ஷூவையும் பழசாகக் காட்டும். கையால் கழுவலாம், நிறம் போய்விட்டால் புதிது மாற்றுங்கள். நுனிக் குப்பி உடைந்ததையும் நடுவில் நைந்ததையும் உடனே தூக்கிப்போடுங்கள். ஆட்டத்தின் நடுவே அறுந்தால் நிற்பது ஆட்டம்.

நாற்றம், வியர்வையில் வளரும் பாக்டீரியாவால் வருவது. வாசனைத் தெளிப்பான் அதை மூடிமறைக்கத்தான் செய்யும். இன்சோலை மென்மையான சோப்பில் கையால் துவைத்து முழுக்கக் காயவிடுங்கள். உலர்ந்த ஷூவுக்குள் பேக்கிங் சோடாவை இரவு தூவி, காலையில் தட்டிவிடலாம். பூஞ்சணம் பூத்திருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துலக்குங்கள். ஐசோபிரைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, மறைவான இடத்தில் சோதித்தபின் துடைத்துக் காயவைத்து, கண்டிஷனர் போடுங்கள். பேடண்டில் ஆல்கஹால் வேண்டாம், படலம் மங்கும்.

ஆட்டத்துக்கு முந்தின இரவு

பாலிஷ் வேலையை முந்தின இரவே முடித்துவிடுங்கள். காலையில் போட்டால் மெழுகு இறுகியிருக்காது, கால்சட்டையின் விளிம்பில் கறுப்பாக ஒட்டும். பையில் ஒரு சின்ன பிரஷ், உலர்ந்த துணி, ஈரத்துணிக்கு ஒரு டப்பா, மாற்று லேஸ் ஒரு ஜோடி. இவ்வளவுதான். களத்துக்குள் போகுமுன் பத்து வீச்சு பிரஷ் போட்டால், வழியில் படிந்த தூசி போய் முந்தின இரவின் மெருகு திரும்பி வரும்.

சீசன் முடிந்தபின்

நன்றாகச் சுத்தம் செய்து, கண்டிஷனர் போட்டு, ஷூ ட்ரீ வைத்து, துணிப்பையில் அல்லது அட்டைப் பெட்டியில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். ஈரப்பதம் அதிகமான இடம் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம்.

புதிதாக இருக்கிறதே என்று ஒரு ஜோடியை வருடக்கணக்கில் பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஷூக்களின் நடுச்சோல் பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கிறது, போட்டாலும் போடாவிட்டாலும். சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால், மேல்தோல் புத்தம் புதிதாக இருக்கும்போதே சோல் பொடிப்பொடியாக உதிரும். மாற்று ஜோடியையும் அவ்வப்போது போட்டு நடங்கள். சீசன் தொடங்குமுன் சோலைக் கையால் வளைத்து, பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொரபொரவென்று உதிர்ந்தாலோ விரிசல் தெரிந்தாலோ அதை ஆட்டத்துக்கு நம்பாதீர்கள்.

சோல் மட்டும் தேய்ந்து மேல்தோல் நன்றாக இருந்தால், தைத்த ஷூவுக்குப் புதுச் சோல் போட முடியும். குதிகாலின் வெளிப்பக்கம் சாய்வாகத் தேயத் தொடங்கும்போதே காட்டிவிடுங்கள். மேல்தோல்வரைக்கும் தேய்ந்தபின் தைக்க இடம் இருக்காது. பசையால் மட்டும் ஒட்டிய ஷூவில் பிரிந்த நுனியை ஒட்டித் தருவார்கள். முழுச் சோல் மாற்றுவது எல்லாவற்றிலும் நடக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் மடியும் இடத்தில் மேல்தோலே ஊடுருவ வெடித்திருந்தால் அந்த ஜோடியைப் பயிற்சிக்கும் நடைக்கும் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு வேறு வாங்குங்கள். வாங்கிய புதிய ஷூவையும் முதல் ஆட்டத்துக்குமுன் ஒருமுறை லேசாகக் கண்டிஷனர் போட்டு, வீட்டுக்குள் அரை மணி நேரம் நடந்து, மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்கள். மெழுகை எங்கே நிறுத்துவது என்பது அதிலிருந்து தெரியும்.